யாளியின் எலும்பும் மயிலின் பழைய பகையும்

இல்லாத விலங்கை எப்படி வரைவது? இருக்கிற விலங்கைக் கதையில் எப்படித் துணையாக்குவது? முதல் கேள்வியை ஓவியரிடமும் இரண்டாவதை எழுத்தாளரிடமும் கேட்டுப் பழகிவிட்டோம். உத்திரமேரூரிலிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் கல்லையும் மரத்தையும் பட்டையும் பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்று படுகிறது. கற்பனை விலங்கு நம் கண்முன் நிற்க வேண்டுமானால், அதைப் படைத்தவர் உண்மையான விலங்குகளை உற்றுப் பார்த்தவராக இருக்க வேண்டும். துணை விலங்கு மனத்தில் நிற்க வேண்டுமானால், நாயகனைச் சந்திப்பதற்கு முன்பே அதற்கென்று ஒரு வாழ்வு இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் எழுதினாலும் அது பொம்மையாகவே நின்றுவிடுகிறது.

இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. மாயக்கதை எழுதவும் அதற்குப் படம் வரையவும் தமிழ்ப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். கையில் கிடைக்கும் தாளில் எல்லாம் டிராகன் பறக்கிறது. நாயகனின் அருகில் ஓநாய் நடக்கிறது. டிராகன் வரைவதில் குற்றம் ஒன்றும் இல்லை. கற்பனைக்கு எல்லை கட்டக் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் திரையில் பார்த்த படத்தைப் பார்த்து வரைகிறார்கள். பல்லியின் தோலையோ உடும்பின் நடையையோ அவர்கள் பார்க்கவில்லை. ஊரைச் சுற்றி ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பாடசாலை ஒன்று திறந்தே கிடக்க, நகலின் நகலைக் கொண்டு அவர்கள் கற்றுக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பாடசாலையின் முதல் வகுப்பு காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. சுற்றுப்பிராகாரம் முழுவதும் வரிசையாகச் சிறு கோயில்கள். அவற்றின் தூண்களில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் சிம்ம யாளிகள். இதற்கு முந்தைய தலைமுறையில் மாமல்லபுரத்தின் குடைவரைகளிலும் ரதங்களிலும் சிங்கம் தூணின் அடியில் உட்கார்ந்திருந்தது. வராக மண்டபத்திலும் மகிடாசுரமர்த்தினி மண்டபத்திலும் அதைப் பார்க்கலாம். ராஜசிம்மன் காலத்தில் அந்தச் சிங்கம் எழுந்துவிட்டது. உட்கார்ந்த விலங்கு தூணைச் சுமக்கிறது; எழுந்த விலங்கு நம்மேல் பாய வருகிறது. கட்டடத்தின் ஓர் உறுப்பாக இருந்தது ஒரு பாத்திரமாக மாறிய இடம் இது. தென்னிந்தியச் சிற்ப வரலாற்றில் இதைவிடப் பெரிய கதைத் திருப்பம் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

மணற்கல் என்பதால் அந்த யாளிகளில் பல தேய்ந்துவிட்டன. சிலவற்றின் மேல் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். தேய்ந்த உடல்களிலும் ஒன்று தெளிவாகத் தெரியும். எழுந்து நிற்கும் விலங்கின் முழு எடையும் பின்தொடையில் இறங்குகிறது. அங்கே தசை புடைத்திருக்கிறது. முன்னங்கால் தளர்ந்து மேலே தூக்கியிருக்கிறது. பூனை இனத்து விலங்கு எழுந்து நிற்பதைப் பார்க்காத ஒருவரால் இப்படிச் செதுக்க முடியாது. முகம் கற்பனைதான். இடுப்பும் தொடையும் கற்பனை இல்லை.

யாளிக்கு அதற்கும் முன்பே நம் பாட்டில் இடம் உண்டு. சங்க இலக்கியத்தில் ஆளி என்று வரும் அந்த விலங்கு யானையையே வேட்டையாடுவது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் இளம் வயதிலேயே போர் வென்ற கரிகாலனுக்கு உவமையாகச் சொல்வது ஓர் ஆளிக் குட்டியை. தாயிடம் பால் குடிப்பதை இன்னும் நிறுத்தாத குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொல்கிறது. கவனிக்க வேண்டியது அந்தப் பால்குடிதான். யாரும் பார்த்திராத ஒரு விலங்குக்குத் தாய் உண்டு, குட்டிப் பருவம் உண்டு, பால் மறக்கும் காலம் உண்டு என்று புலவர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விவரத்தால் ஆளி நம் காட்டில் வாழத் தொடங்கிவிடுகிறது. மாயக்கதை எழுதப் புறப்படும் எவரும் முதலில் படிக்க வேண்டிய நாலு வரி அவை.

லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இதையே ஓவியருக்குச் சொன்னார். கற்பனை விலங்கு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஏதாவது ஒரு விலங்கினுடையதாக இருக்க வேண்டும் என்று கூறி, நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது என்று எடுத்துக்காட்டும் கொடுத்தார். நம் ஸ்தபதிகள் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இதைக் கல்லில் செய்து வந்தார்கள். சிங்க முகம் வைத்தால் சிம்ம யாளி; துதிக்கை வைத்தால் யானை யாளி; மகர யாளி, குதிரை யாளி என்று வகை விரிந்தது. சோழர் கோயில்களின் அடித்தளத்தில் அவை சிறு சிறு தலைகளாக வரிசை கட்டின. விஜயநகரக் காலத்தில் முழுத் தூணாக வளர்ந்தன. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்தில் அந்த வளர்ச்சியின் உச்சத்தைப் பார்க்கலாம். அங்கே பாயும் குதிரைகள், வீரர்கள், யாளிகள் எல்லாம் ஒரே கல்லில் தூணோடு சேர்ந்து எழுந்து நிற்கின்றன. ஆனால் கலையாக எனக்குப் பல்லவ யாளியே உயர்ந்தது. விஜயநகர யாளியில் செதுக்குத் திறமை கூடிவிட்டது. நகை, மணி, சுருள் என்று மேற்பரப்பு நிறைந்துவிட்டது. விலங்கின் எடை குறைந்துவிட்டது.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்றுதான் வாதிடுகிறார்கள். நான் அதில் ஒரு பூனையைப் பார்க்கச் சொல்வேன். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்யும் முனிவனைப் போலவே அது நிற்கிறது. சுற்றிலும் எலிகள். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறையில் தேவர்களும் நாகர்களும் பெரும் யானைகளும் நிறைந்திருக்க, அந்தச் சிற்பி ஒரு கள்ளத் தவசியான பூனைக்கும் இடம் ஒதுக்கினான். புராணத்துக்குள்ளேயே ஒரு தனிக்கதை அது. அருகில் உட்கார்ந்திருக்கும் குரங்குக் குடும்பத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று பேன் பார்க்கிறது. குட்டி பால் குடிக்கிறது. அவை எந்தக் கடவுளுக்கும் எதிரே நிற்கவில்லை; தங்கள் வேலையைப் பார்க்கின்றன. தெய்வீகமான விலங்கையும் தெருவில் திரியும் விலங்கையும் பல்லவச் சிற்பி ஒரே கவனத்தோடு பார்த்தான். அதனால்தான் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

கல்லிலிருந்து தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, மயில், யானை, மான் எல்லாம் உண்டு. வரையும் கலையின் மிகக் கடினமான தேர்வு இங்கேதான் நடக்கிறது. டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளில் விலங்கை வரைகிறார். ஒவ்வொரு கட்டமும் பாவு நூல் தூக்கப்படுகிறதா இல்லையா என்பதைச் சொல்லும். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள்; அட்டை ஜக்கார்டுப் பெட்டியில் ஏறுகிறது. அதில் இருக்கும் கொக்கிகளுக்குள் யாளி முழுவதும் அடங்கியாக வேண்டும். கல்லில் ஓடும் வளைவுக் கோடு இங்கே படிப்படியாக உடைந்துவிடும். ஒரு கட்டம் தவறினால் துதிக்கை வாலாகத் தெரியும். எதை விட்டாலும் அது யாளிதான் என்று தெரியும், எதை விட்டால் தெரியாது என்பதை அந்த வடிவமைப்பாளர் அறிந்திருக்க வேண்டும். அன்னத்துக்கு வளைந்த கழுத்தும் தோகைபோல் சுருளும் வாலும் போதும். யாளிக்குப் பிதுங்கிய கண்ணும் தூக்கிய முன்னங்காலும் வேண்டும். விலங்கின் சாரத்தைக் கண்டுபிடிக்கும் இந்தப் பயிற்சியை எந்த ஓவியக் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

இருதலைப்பட்சிக்குத் தனி வரலாறு உண்டு. கண்டபேரண்டம் என்ற பெயரில் அது விஜயநகர அரசர் அச்சுதராயரின் நாணயத்தில் ஏறியது; மைசூர் அரசின் சின்னமாகி, இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருக்கிறது. அரசர்கள் கையில் அது வலிமையின் அடையாளம். தமிழில் அதற்கு முன்பே இரண்டு தலையும் ஓர் உயிருமான பறவை உண்டு. அகநானூற்றில் கபிலர் தோழி வாயிலாக, பிரிக்க முடியாத நட்புக்கு உவமையாக அதைச் சொல்கிறார். ஒரே உருவம் ஓரிடத்தில் அதிகாரம், இன்னோரிடத்தில் நட்பு. கதை எழுதுபவருக்கு இந்த இரண்டாவது பொருள்தான் பயன்படும். ஒரு தலை இறந்தால் மறு தலைக்கு என்ன ஆகும் என்று யோசித்த அக்கணமே நாவல் ஒன்று தொடங்கிவிடுகிறது.

வாகனங்களுக்கு வருகிறேன். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் காஞ்சி வரதர் சிம்மம், அம்சம், கருடன், அனுமன், சேஷன், யாளி, யானை, குதிரை என்று வெவ்வேறு விலங்கின்மேல் வீதிக்கு வருகிறார். மூன்றாம் நாள் கருட சேவைக்கு உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். வாகனம் செய்யும் தச்சர் ஒரு நுட்பத்தை அறிவார். அது ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில், நம் தலைக்கு மேல், அசைந்துகொண்டே வரப்போகிறது. பல நேரம் விளக்கொளியில். ஆகவே கண் பெரிதாக இருக்க வேண்டும். கழுத்து முன்னோக்கி நீள வேண்டும். கீழிருந்து பார்த்தால் தெரியும் தாடையும் மார்பும் உறுதியாக அமைய வேண்டும். தரையில் கிடத்திப் பார்த்தால் விகாரமாகத் தோன்றும் முகம், தூக்கியதும் உயிர் பெறுகிறது. எங்கிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமல் விலங்கை வரையாதே என்ற பாடம் அதில் இருக்கிறது.

இனித் துணை விலங்கு. காஞ்சிக் குமரகோட்டத்தில்தான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தப் பெருங்காப்பியத்தில் என்னை மிகவும் கவர்வது மயிலின் கதை. போரில் சூரபதுமன் சக்கரவாகப் பறவையாகிறான்; முருகனைச் சுமக்க இந்திரன் மயிலாகிறான். பிறகு சூரன் கடலில் மாமரமாக நிற்கிறான். வேல் அதைப் பிளக்கிறது. இரு பாதியும் மயிலும் சேவலுமாகி, பகை தணியாமலே மீண்டும் பாய்கின்றன. முருகன் பார்த்த பிறகுதான் அவை மாறுகின்றன. ஒன்று ஊர்தி, ஒன்று கொடி. இந்திரன் என்ற பணிவான மயில் ஏற்கெனவே இருந்தும், நிலைத்தது பகைவனாக இருந்த மயில்தான்.

துணை விலங்கைப் பற்றி எந்த மொழியிலும் இதைவிட ஆழமான கதை எனக்குத் தெரியவில்லை. அந்த மயிலுக்கு நூற்றியெட்டு யுகம் ஆண்ட செருக்கு உண்டு. உறவுகளைப் போரில் இழந்த துயரம் உண்டு. தோற்ற வலி உண்டு. அத்தனையோடும் அது சுமக்கிறது. இன்றைய மாயக்கதைகளில் நாயகனைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு வந்து சேரும் ஓநாயையும் பருந்தையும் இதன் அருகே வைத்துப் பாருங்கள். அவை எங்கிருந்து வந்தன, எதை விட்டுவிட்டு வந்தன, ஏன் இவனோடு இருக்கின்றன? எழுதியவரிடம் பதில் இல்லை.

காஞ்சிக்கு மேற்கே, வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டிசத்திரம் அருகே திருப்புட்குழி இருக்கிறது. இராமன் சடாயுவுக்கு இறுதிக்கடன் செய்த இடம் என்று வணங்கப்படும் தலம். இங்கே சடாயுவின் கதையில் நான் காண்பது, துணைக்கும் நாயகனுக்கும் இடையில் இருக்கும் மரியாதை. சடாயு தசரதனின் நண்பன். இராமனுக்குத் தந்தை முறை. முதியவன். இராவணனை வெல்ல முடியாது என்று தெரிந்தும் மோதுகிறான். யாரும் அவனுக்கு ஆணையிடவில்லை. அந்தப் பறவைக்கு மகன் போல் இருந்து கொள்ளி வைக்கும் இராமன், தன் சொந்தத் தந்தைக்கு அதைச் செய்ய முடியாமல் காட்டில் இருந்தவன். துணை விலங்கின் சாவு கதையில் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு அளவுகோல் இது.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இன்னொரு வகை. தாய் விட்டுச்சென்ற குழந்தையை ஒரு பசு நக்கிப் பாலூட்டி ஏழு நாள் காக்கிறது. அவன் வளர்ந்து, வேள்விக்குக் கட்டிவைத்த பசு ஒன்றைக் காணும்போது சும்மா இருக்க முடியவில்லை. இரவில் அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். அடிபடுகிறான், ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறான். பாலூட்டிய பசுவும் மீட்ட பசுவும் வேறு வேறு. ஒரு விலங்கிடம் பட்ட கடனை அந்த இனத்துக்கே திருப்பித் தருகிறான். பின்னாளில் அமுதசுரபி அவன் கையிலிருந்து மணிமேகலைக்கு வந்து, பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்குச் சோறிடுகிறது. ஒரு பசுவின் பாலில் தொடங்கிய காரியம் நம் ஊர்ப் பசி வரை நீள்கிறது என்று சாத்தனார் கதையைக் கட்டியிருக்கிறார்.

தூது இலக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளியும் அன்னமும் வண்டும் செய்தி கேட்டுக்கொள்கின்றன. பெரும்பாலும் அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. நளவெண்பாவின் அன்னம் இதற்கு விலக்கு. தானே பேசித் தமயந்தியின் மனத்தை நளன்பால் திருப்பும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், காஞ்சியையே களமாகக் கொண்ட கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ முதலில் நினைவுக்கு வரும். 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. சிவகாமியின் தந்தை ஆயனர் வீட்டில் ரதி என்ற மானும் சுகர் என்ற கிளியும் இருக்கின்றன. வாசகர்கள் அவற்றை நேசித்தார்கள். ஆனால் அவை சிவகாமியின் மனநிலையைக் காட்டும் கண்ணாடிகளே. அதே நாவலில் காஞ்சி வீதியில் மதம் பிடித்து ஓடிவரும் யானைமேல் பரஞ்சோதி வேலெறியும் காட்சியில்தான் விலங்கு கதையை நகர்த்துகிறது. அந்த வேல் இல்லாவிட்டால் பரஞ்சோதிக்கும் ஆயனருக்கும் தொடர்பே அப்படி அமைந்திராது.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் நூலாக வந்தது. காரி என்ற அந்தக் காளை நாயகன் பிச்சிக்குத் துணை இல்லை. அவன் தகப்பனைக் கொன்ற எதிரி. ஜமீன்தாரின் கௌரவத்தை அதன் கொம்பில் சுமத்தியிருக்கிறார்கள். மனிதர்கள் தங்கள் மானத்தை ஒரு விலங்கின்மேல் ஏற்றிவைத்தால் அந்த விலங்குக்கு என்ன நேரும் என்பதைச் செல்லப்பா துப்பாக்கி வெடியில் முடித்துச் சொன்னார். நாவலில் காரியின் மூச்சையும் நிற்கும் தோரணையையும் எழுதிய பக்கங்களை, விலங்கை எழுத விரும்பும் எல்லோரும் பேனாவோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் துணை ஓர் இயந்திர நாய். ஜீனோ முதலில் சொன்னதைக் கேட்கும் பொம்மை. படிக்கிறது, யோசிக்கிறது, மெல்ல மெல்லத் தன் விருப்பம் என்று ஒன்றைப் பெறுகிறது. அதனாலேயே ‘மீண்டும் ஜீனோ’வில் கதைக்கு நாயகமே அதுவாகிவிட்டது. துணைக்குத் தனக்கென்று ஒரு மனம் வேண்டும் என்ற மயிலின் விதி உலோகத்தால் ஆன நாய்க்கும் பொருந்தி வருவதைப் பாருங்கள். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ 2016இல் வந்தது. பகாசுரனைப் போன்ற பேருருவம் ஒன்று கிழவரிடம் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போவதில் தொடங்கி, பிறகு கதை முழுவதும் ஆட்டின் பார்வையிலேயே செல்கிறது. அசுரனை ஒரு காட்சியில் காட்டிவிட்டு மறைத்துவிடும் துணிவு அதில் எனக்குப் பிடித்தது. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வை அடியொற்றியது. காட்டில் கிடக்கும் உடைந்த மதுப்புட்டி யானையின் பாதத்தை என்ன செய்யும் என்பதைத் தமிழ் வாசகர் பலர் அதில்தான் முதன்முதலாக உணர்ந்தார்கள்.

ஓவியமும் கதையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த இடம் ‘அம்புலிமாமா’. 1947 ஜூலையில் தொடங்கிய அந்த இதழில் விக்கிரமனும் வேதாளமும் வரும் சித்திரத்தை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 2020இல் காலமானார். வேதாளம் பயமுறுத்த வந்த பேய்தான். ஆனாலும் கதை சொல்கிறது, புதிர் போடுகிறது, பதில் சரியானால் பறந்துவிடுகிறது. தோளில் ஏறிய சுமையே பேச்சுத் துணையாகும் அந்த உறவை ஒரே படத்தில் சங்கர் பிடித்தார். அரசனின் ஒரு தோளில் பிணம், மறு கையில் வாள், அடியெடுத்து வைக்கும் கால். சுமந்து நடப்பவனின் உடல் எப்படி வளையும் என்று அறிந்த கை அது.

நம் தெய்வங்களின் ஊர்திகளைக் கதையில் எடுத்தாளலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தவம் செய்யும் பூனையை அந்தப் பாறையிலேயே செதுக்கிய மரபு நம்முடையது. காஞ்சிக்கு அருகில் உள்ள புரிசையின் தெருக்கூத்துக் கலைஞர்கள், சிறகு முளைத்த கிழவனைப் பற்றிய கார்சியா மார்க்வெஸின் கதையையே கூத்தாக்கி ஆடினார்கள். வேற்று மண்ணின் விநோத உயிருக்கு நம் மேடையில் இடம் கிடைத்தது. நம் யாளிக்கு நம் நாவலில் கிடைக்காமல் போக வேண்டியதில்லை. தேவைப்படுவது அலட்சியமில்லாத கவனம். யாளியை வெறும் சண்டை மிருகமாக்கி நாயகனை அதன் முதுகில் ஏற்றிவிட்டால் போதாது. அது எங்கே குட்டி போடும், வறண்ட கோடையில் எதைக் குடிக்கும், யானை இல்லாத காட்டில் எதைத் தின்னும் என்று எழுதுபவர் தனக்குள் பதில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பிலிப் புல்மன் மனிதரின் ஆன்மாவையே விலங்கு வடிவில் கூட நடக்கவிட்டு எழுதினார். அந்த விலங்கு அதிக தூரம் விலகினால் இருவருக்கும் வலிக்கும் என்ற ஒரே விதியில் அந்த உலகம் நிற்கிறது. விதி இல்லாத மாயத்தில் வாசகர் மனம் ஒட்டாது.

உத்திரமேரூர், வாலாஜாபாத், காஞ்சி வட்டாரத்து ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு நாள் நோட்டும் பென்சிலுமாக அழைத்துப் போங்கள். முதலில் தெருவில் படுத்திருக்கும் நாயையும் மேயும் மாட்டையும் வரையச் சொல்லுங்கள். யாளியைப் பிறகு வரையட்டும். நெசவாளர் வீட்டாருக்கும் ஒன்று. கணினி வந்த பிறகு பரணில் கிடக்கும் பழைய கட்டத்தாள் டிசைன்களையும் துளை போட்ட அட்டைகளையும் எடைக்குப் போடாதீர்கள். அவற்றில் உங்கள் தாத்தா வரைந்த யாளியும் அன்னமும் இருக்கின்றன. குறைந்தது ஒரு படமாவது எடுத்து, வரைந்தவர் பெயரையும் ஊரையும் எழுதி, காஞ்சியில் உள்ள நெசவாளர் சேவை மையத்திலோ உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ கொடுத்து வையுங்கள்.